கடித்தது சின்ன நாய்தான்

வெள்ளிக்கிழமை டோங் டு பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டு வெளியே வந்தால், செருப்பைத் தேடுவதற்குள் நாலு பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். "என்ன சாகுல் பாய், கால் எப்படி இருக்கு? கன்னுக்குட்டி மாதிரி நாயாமே? சதையைப் பிடுங்கிடுச்சாமே?" நானும் பேன்ட்டை லேசாகத் தூக்கித் தழும்பைக் காட்டிவிட்டு, "அல்லாஹ் காப்பாத்தினான்" என்று நழுவிவிடுவேன். சைகோனில் நம் ஆட்கள் இருப்பதே கொஞ்சம். அந்தக் கொஞ்சம் பேரில் பாதிப் பேருக்கு இன்னும் பழைய கதைதான் தெரியும். ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்தித் திருத்த எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னைக் கடித்தது கன்றுக்குட்டி அளவு நாய் இல்லை. இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஒரு வெள்ளை நாய். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, எண்பத்தெட்டு கிலோ எடை. சிரிக்க வேண்டுமானால் இங்கேயே சிரித்துவிடுங்கள். இதற்குப் பிறகு சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

எனக்குச் சொந்த ஊர் காரைக்கால். டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை. நானும் என் மனைவி ரஹ்மத்தும் அலுவலகத்திலிருந்து இருபது நிமிடத் தொலைவில் ஒரு சந்தில் மாடி வீட்டில் குடியிருக்கிறோம். மகள் ஊரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். கீழ்வீட்டில் வீட்டுக்காரர் ஓங் து தனியாக இருக்கிறார். 'ஓங்' என்றால் இங்கே பெரியவருக்கு வைக்கிற மரியாதை. எழுபது வயது, மனைவி இல்லை. அவருக்கு எல்லாமே கௌ என்கிற கறுப்பு நாய்தான். அந்தப் பெயருக்குக் கரடி என்று அர்த்தம், பொருத்தமாகத்தான் வைத்திருந்தார். வாசல் கேட்டுக்குக் குறுக்கே நீட்டிப் படுத்துக்கொண்டால் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்த நாய் ஒரு நாளும் என்னை ஒன்றும் செய்ததில்லை. நான் வந்தால் தலையைத் தூக்கிப் பார்க்கும், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கே நான் இரண்டு அடி பின்வாங்கிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே பெரிய நாய் என்றால் எனக்குப் பயம். ஆனால் பயம் என்று வெளியே சொல்ல முடியுமா? "எங்க மார்க்கத்துல நாயைத் தொடக்கூடாது, அதான் ஒதுங்கிப் போறேன்" என்று ஓங் துவிடம் சொல்லி வைத்தேன். பாவம், மனுஷன் அதை நம்பி, நான் வரும் நேரம் பார்த்துக் கௌவைக் கட்டிப்போடுவார். என் கோழைத்தனத்துக்கு மார்க்கத்தைப் போர்வையாகப் போர்த்தினேன். இதை எழுதும்போதே கூசுகிறது.

அப்படியும் அந்த வாசல் பிடிக்காமல், சமையலறை வழியாகப் பின்பக்கம் இறங்கிப் போகிற வழக்கத்தை வைத்துக்கொண்டேன். பின்சந்தில் ஹான் என்கிற பெண் வண்டியில் காபி விற்கிறாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வண்டிக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறையில் அவளும் ஏழு வயது மகள் லின்னும் இருக்கிறார்கள். அவர்கள் வளர்ப்பது போங். பெயருக்குப் பஞ்சு என்று அர்த்தம், ஆளும் அப்படியேதான். முதல் நாள் நான் அந்த வழியில் போனபோது போங் வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் பேன்ட்டை மோந்து பார்த்தது. நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். ஹான் உள்ளே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஷூ முனையால் ஒரு உதை விட்டேன்.

ஏன் உதைத்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். எச்சில் பட்டுவிடும் என்பதெல்லாம் சும்மா. அது சின்னதாக இருந்தது, திருப்பி ஒன்றும் செய்யாது, அதனால் உதைத்தேன். மறுநாளும் உதைத்தேன். அப்புறம் அது என்னைக் கண்டாலே குரைக்க ஆரம்பித்தது. குரைக்கிற நாயை உதைப்பதற்குக் காரணம் வேண்டாமே! ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தினமும் காலை ஆறு மணிக்கு ஒன்று. முன்வாசலில் விட்ட மானத்தைப் பின்சந்தில் மீட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். நாலு மாதம் இப்படியே போயிற்று.

கடித்த அன்று விடியற்காலையிலேயே மழை. பின்வழியில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றதால் முன்வாசலில் இறங்கினேன். நான் அந்தப் பக்கம் வருவேன் என்று ஓங் து எதிர்பார்க்கவில்லை, கௌ அவிழ்ந்து கிடந்தது. என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து இரண்டு முன்னங்காலையும் என் நெஞ்சில் வைத்தது. விளையாட்டாகத்தான். நான் போட்ட கூச்சலில் சாப்பாட்டு டப்பா ஒரு பக்கம் உருண்டது, நான் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டுத் தின்பண்டக் கடையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஓங் து ஓடிவந்து நாயை இழுத்தார். நான் எழுந்து, தண்ணீராவது ஒன்றாவது என்று திரும்பிப் பின்சந்துக்கே போனேன்.

ஹானின் வண்டி மேட்டில் நிற்கும். அங்கே தண்ணீர் இல்லை. போங் வண்டிக்கு அடியிலிருந்து குரைத்தது. அன்றைக்கு நான் ஷூ முனையால் தட்டவில்லை. முழுக்காலையும் வீசி உதைத்தேன். அது குழந்தை மாதிரிக் கத்திக்கொண்டு புரண்டது. உடனே எழுந்து வந்து என் இடது கெண்டைக்காலைக் கவ்வியது. அதன் ஆயுளில் அது கடித்த ஒரே கடி அதுவாகத்தான் இருக்கும். காலை உதறிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். மழைக்கு ஹான் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை.

அலுவலகக் குளியலறையில் பேன்ட்டைச் சுருட்டிப் பார்த்தேன். ஊசி குத்தியது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள், கொஞ்சம் ரத்தம். நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால் என்பது எங்கள் ஷாஃபி வழக்கம். ஆறு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். மண்ணுக்கு எங்கே போவது? வரவேற்பறையில் இருந்த பூந்தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி வந்து, தண்ணீர்கூடச் சரியாக விடாமல் காயத்தின் மேலேயே அப்பித் தேய்த்தேன். எருவும் அழுகிய இலையும் கலந்த மண். திறந்த புண்ணில் மண்ணைத் தேய் என்று எந்த ஹஜ்ரத்தும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அது என் சொந்தப் புத்தி. ஒரு வாயில்லா ஜீவனை உதைத்துவிட்டு வந்தவனுக்குக் கால் சுத்தமாக வேண்டும் என்பதில் அவ்வளவு அக்கறை!

எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் ஒன்றுமே நடக்காதது போல இருந்தேன். மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டது. கால் முழங்கால் வரை சிவந்து, வீங்கி, தொட்டால் தீயாகச் சுட்டது. போர்வையை விலக்கிப் பார்த்த ரஹ்மத் அலறிவிட்டாள்.

"யா அல்லாஹ்! என்ன மச்சான் இது?"

"நாய் கடிச்சிடுச்சு."

"நாயா? எந்த நாய்?"

பதில் சொல்ல எனக்கு ஒரு நொடிதான் இருந்தது. பெரிய நாய் கடித்தால் பார்ப்பவன் ஐயோ என்பான். சின்ன நாய் கடித்தால் சிரிப்பான், சிரித்து முடித்ததும் அது எதுக்குக் கடித்தது என்று கேட்பான்.

"கீழ்வீட்டு நாய்" என்றேன்.

"அதுவா? அது பூனை மாதிரில்ல இருக்கும்!" என்றாள். அதற்கு மேல் கேட்க அவளுக்கு நேரமில்லை. டாக்சியை அழைத்து, என்னைத் தோளில் சாய்த்துப் படியிறக்கி, ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

காத்திருக்கிற கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. எண் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், காயத்தில் பஞ்சுக் குச்சியை ஒற்றி எடுத்து ஒரு குழாயில் போட்டார்கள். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்ப்பதற்காம். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இளம் பெண் டாக்டர் ஒருவர் என் காலில் சிவப்பு எதுவரை இருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டார். "நாளைக்கு இந்தக் கோட்டைத் தாண்டினால் சொல்லுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

எனக்கு வந்திருந்தது செல்லுலைட்டிஸ். தோலுக்கு அடியில் இருக்கிற சதையில் கிருமி புகுந்து பரவுவதற்கு அப்படிப் பெயர். சர்க்கரைக்காரனுக்கு அது சீக்கிரம் பரவும், ரத்தத்தில் கலந்தால் ஆளையே கொண்டுபோய்விடும். நரம்பு வழியாக ஒரு நாளைக்கு மூன்று வேளை மருந்து ஏற்றினார்கள். வெறிநோய்க்கு வேறு இரண்டு வகை ஊசி. ஒன்று தடுப்பூசி. அது நம் உடம்புக்கு எதிர்த்துச் சண்டை போடக் கற்றுக்கொடுக்கும், ஆனால் கற்றுக்கொள்ள ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை தாக்குப்பிடிப்பதற்கு, ஏற்கெனவே தயாரான எதிர்ப்பு மருந்தைக் காயத்தைச் சுற்றியே குத்தி இறக்குகிறார்கள். அதைக் குத்தும்போது நான் உம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"உடனே கழுவினீர்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஏழு தடவை."

"அற்புதம். அதுதான் முதல் வைத்தியம்." பிறகு மண்ணைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ரஹ்மத் தமிழில், "படிச்ச மனுசன்தானே மச்சான் நீங்க? புண்ணுல போய் மண்ணை அப்புவாங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாய் எது? தெரிந்த நாயா?"

"வீட்டுக்காரருடைய நாய். பெரியது."

"தெரிந்த நாய் என்றால் நல்லது. கடித்த நாளிலிருந்து பத்து நாள் அதை அடைத்து வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடிக்கும்போது அதன் எச்சிலில் வெறிநோய் இருந்திருந்தால் பத்து நாளைக்குள் அதுவே செத்துவிடும். பத்து நாளும் நன்றாக இருந்தால் யாருக்கும் பயமில்லை."

யாருக்கும் என்ற சொல் அப்போது என் காதில் விழவில்லை. நாயின் பல்தடம் தெரிந்திருந்தால் டாக்டரே கண்டுபிடித்திருப்பார். வீக்கத்தில் அது மறைந்துபோயிருந்தது.

மறுநாள் ஓங் து வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் கௌவுக்கு வருடா வருடம் ஊசி போட்ட சான்றிதழ்கள். எனக்குச் சர்க்கரை என்று ரஹ்மத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இனிப்பில்லாத கொய்யாக்காயாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார். என் கட்டில் பக்கத்தில் நின்று தலை குனிந்தார்.

"ஊசி போட்ட நாய்தான், ஆனாலும் டாக்டர் சொன்னபடி கூண்டுல அடைச்சுட்டேன். நெஞ்சுல கால் வெச்சதை நான் பார்த்தேன். காலைக் கடிச்சதை நான் கவனிக்கல. என் தப்புதான். கட்டிப்போட்டிருக்கணும்" என்றார்.

எழுபது வயது மனிதர். என் எதிரில் தலை குனிந்து நிற்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பரவாயில்லை" என்றேன். மன்னித்துவிட்டேன்! சீ, அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

ஆறு கட்டில் போட்ட வார்டு. இந்த ஊரில் நோயாளிக்குக் கூட இருப்பவர்தான் பாதி நர்ஸ். ரஹ்மத் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தாள். சிறுநீர்ப் பாத்திரம் வைத்துவிடுவாள், முதுகு துடைத்துவிடுவாள், என்னோடு நடந்து கழிப்பறை வரை மருந்துக் கம்பியைத் தள்ளிக்கொண்டு வருவாள். மகள் தினமும் வீடியோவில் வந்து, "வாப்பா, காலைக் காட்டுங்க, கோட்டைத் தாண்டிச்சா?" என்று கேட்பாள். பில்லில் பெரும்பகுதியை அலுவலகக் காப்பீடு பார்த்துக்கொண்டதால் அந்தக் கவலை இல்லை. எனக்கு இருந்த கவலையெல்லாம் பொய் வெளிப்பட்டுவிடக் கூடாதே என்பதுதான்.

தினமும் பத்து மணிக்கு ரஹ்மத் வீட்டுக்குப் போய்க் குளித்துத் துணி மாற்றிக்கொண்டு வருவாள். வரும்போது தூக்கில் கஞ்சி இருக்கும். முதல் நாள் அதை எனக்கு ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "இது நான் வச்சதில்லை மச்சான். காபிக்கார ஹான் கொடுத்தது. நாம பன்றி சாப்பிட மாட்டோம்னு அவளுக்குத் தெரியும்ல. புதுச் சட்டி வாங்கி, மீனை மட்டும் போட்டு வச்சேன், அந்தச் சட்டியில வேற எதையும் சமைக்க மாட்டேன்னு சொல்லித் தந்தா. நல்ல புள்ள."

"உப்பு ஜாஸ்தி" என்று சொல்லிக் கஞ்சியைத் தள்ளிவிட்டேன். அடுத்தடுத்த நாளும் அதையேதான் சொன்னேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கடிபட்ட ஆறாம் நாள். சிவப்பு கோட்டுக்கு உள்ளே இறங்கிவிட்டது, காய்ச்சலும் இல்லை. ரஹ்மத் வந்து தூக்கைத் திறந்தபடி வழக்கம்போல சந்துச் செய்திகளைச் சொன்னாள்.

"ஹான் வீட்டு நாய்க்குட்டிக்கு உடம்பு சரியில்லை மச்சான். அஞ்சாறு நாளா ஒண்ணும் திங்கலையாம். வண்டிக்கு அடியில மூலையில போய் உக்காந்துக்குது. வாய் தொங்கிப்போய் எச்சில் ஒழுகிட்டே இருக்கு. அந்த லின் புள்ள கஞ்சியை விரல்ல தொட்டுத் தொட்டு அது வாயில வைக்குது. பாக்கவே பாவமா இருக்கு."

ரஹ்மத் தூக்கைக் கழுவப் போயிருந்தாள். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது சும்மா கேட்பது போலக் கேட்டேன்: "வெறிநாய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும், இல்லையா?"

"எல்லாம் அப்படி இல்லை" என்றார். "சில நாய்கள் சத்தமே போடாது. இருட்டான மூலையாகத் தேடிப் போகும். தாடை தொங்கிவிடும், விழுங்க முடியாது, எச்சில் ஒழுகும். வாயில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வீட்டுக்காரர்கள் கையை விடுவார்கள். அதுதான் அதிக ஆபத்து. நோயின் அறிகுறி மனிதனுக்கு வந்துவிட்டால் அப்புறம் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. வருவதற்கு முன்னால் ஊசி போட்டுவிட வேண்டும். ஏன் கேட்கிறீர்கள்? உங்களுக்குத்தான் எல்லா ஊசியும் போட்டுவிட்டோமே."

ஆமாம், எனக்குத்தான் போட்டுவிட்டார்களே. நான் பத்திரம். ஏழு வயதுப் பிள்ளை ஒன்று அந்த நாயின் வாயில் விரலை விட்டுக்கொண்டிருக்கிறது. ஓங் து கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து தப்பான நாயைக் காவல் காக்கிறார். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்.

இப்போதாவது சொன்னேனா? சொல்லவில்லை. மத்தியானம் சொல்லலாம் என்று நினைத்தேன், மத்தியானம் மகள் போன் பண்ணினாள். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன், பக்கத்துக் கட்டில்காரருக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். விடிந்ததும் சொல்லலாம் என்று படுத்தேன். ஒரு குழந்தையின் உயிரை எடைத்தட்டில் வைத்துவிட்டு, என் மானத்தை மறுதட்டில் வைத்து, ஒரு நாள் முழுக்க ஆட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

மறுநாள் காலை ரஹ்மத் துண்டைப் பிழிந்து என் முகத்தைத் துடைக்க வந்தபோது அவள் கையைப் பிடித்தேன்.

"கௌ என்னைக் கடிக்கல. போங்தான் கடிச்சிச்சு."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. துண்டு கையிலேயே நின்றது.

"நேத்து நான் சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"டாக்டர் பத்து நாள் கணக்குச் சொன்னதைக் கேட்ட பிறகுமா?"

பிடித்திருந்த அவள் கையை விட்டுவிட்டேன்.

"அந்தப் புள்ள கைய விட்டுக்கிட்டு இருக்குன்னு சொல்றேன், நீங்க உப்பு ஜாஸ்தின்னு கஞ்சியைத் தள்ளிட்டுப் படுத்துக்கிட்டீங்களா? நீங்களும் ஒரு வாப்பாவா?" என்றாள். இருபத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. துண்டை என் மார்பில் போட்டுவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் நடைக்கு ஓடி ஹானுக்குப் போன் பண்ணினாள்.

ஹான் அரைமணி நேரத்தில் மகளைக் கொண்டுபோய் ஊசி போட்டுவிட்டாள். விரலில் நகக்கண் ஓரம் வெடிப்பு இருந்ததாம், அதனால் எனக்குக் குத்திய எதிர்ப்பு மருந்தையும் அந்தப் பிஞ்சு விரலைச் சுற்றிக் குத்தினார்களாம். எண்பத்தெட்டு கிலோ ஆம்பிளை நான் கத்திய கத்தல் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை எப்படித் தாங்கியது என்று யாரிடமும் கேட்கவில்லை.

போங்கைக் கூடையில் வைத்து மிருக வைத்தியரிடம் தூக்கிப்போனார்கள். அவர் கையுறை போட்டுக்கொண்டு பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். சாயங்காலம் ரஹ்மத் வந்து சொன்னாள், முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு: "தாடை எலும்பு உடைஞ்சிருக்காம். அதான் வாய் தொங்குது, அதான் திங்க முடியல. எதுவோ பலமா அடிச்சிருக்காம். வண்டி கிண்டி மோதியிருக்கும்னு ஹான் அழுவுறா. ஆனாலும் பத்து நாள் முடியிற வரைக்கும் பாக்கணும்னு சொல்லிட்டாரு."

வெறிநோய் இல்லை, அநேகமாக. எலும்பு முறிவு. நான் அலுவலகத்துக்குப் போட்டுப் போகிற தோல் ஷூ, உள்ளே இரும்பு முனை வைத்தது. சரக்குக் கிடங்கில் காலில் பெட்டி விழாமல் இருப்பதற்காகக் கம்பெனி கொடுத்தது.

ரஹ்மத் ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். "வண்டிதானே மச்சான் மோதிச்சு?" என்று கேட்டாள். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இல்லை என்று தலையாட்டினேன். அவள் எனக்குக் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஊட்டிவிடுவதை நிறுத்திவிட்டாள்.

ஓங் துவுக்கு நானே போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். "நாலு நாளா அது கூண்டுல முகத்தை வெச்சு அழுதுச்சு. நான் அதைத் திட்டினேன். என் வீட்ல குடியிருக்கிறவரைக் கடிச்சிட்டியேன்னு திட்டினேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பதினோராம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கெடு தாண்டியும் போங் உயிரோடு இருந்தது. தாடையில் கம்பி கட்டி, குழாயில் பால் குடிக்கிறது என்று கேள்விப்பட்டேன். எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஹானுக்கு நான் உதைத்தது தெரியாது, ரஹ்மத் சொல்லப்போவதில்லை.

மறுநாள் சாயங்காலம் ஹான் மகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தாள். நான் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் பிள்ளைகள் பெரியவர்களுக்கு வணக்கம் சொன்னாலும் மன்னிப்புக் கேட்டாலும் இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு குனிய வேண்டும். அப்படித்தான் வளர்ப்பார்கள். லின் பள்ளிச் சீருடையில், விரலில் பிளாஸ்டருடன், கையைக் கட்டிக்கொண்டு என் எதிரில் நின்றாள்.

"பாக், எங்க போங் உங்களைக் கடிச்சதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். 'பாக்' என்றால் பெரியப்பா மாதிரி. குனிந்தவள் நிமிரவில்லை. நான் சரி என்று சொல்கிற வரைக்கும் நிமிரக் கூடாது.

சமையலறை வாசலில் ரஹ்மத் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பிள்ளையின் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிமிரும்மா" என்றேன். "நான்தான் கேக்கணும். வண்டி ஒண்ணும் மோதல. நான்தான் உதைச்சேன். உதைச்ச பிறகுதான் அது கடிச்சது."

ஹான் முதலில் என் வியட்நாமியில் ஏதோ தப்பு என்று நினைத்தாள். "என்ன சொன்னீங்க?" என்றாள். காலைத் தூக்கிக் காட்டி, இன்னொரு தடவை சொன்னேன். அவள் முகம் மாறியது. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு மட்டுமா?" என்று கேட்டாள்.

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "இல்ல. நாலு மாசமா. தினமும்."

லின் கட்டியிருந்த கையை இறக்கினாள். அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அதுக்குத்தான் குரைச்சுதா?" என்றாள். "அது வேற யாரைப் பார்த்தும் குரைக்காது. காலையில ஒரு தடவைதான் குரைக்கும். எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு எழுப்புதுன்னு நெனச்சேன். தினமும் நான் அதைக் கேட்டுத்தான் எழுந்திருப்பேன், பாக்."

ஹான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிப் போனாள். படியில் அவர்கள் இறங்குகிற சத்தம் கேட்டது. ரஹ்மத் கதவைச் சாத்தவில்லை, நானும் சாத்தச் சொல்லவில்லை.

கால் ஆறிவிட்டது. கடைசி ஊசியும் போட்டாயிற்று. வேலைக்குப் போக ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. போங்கின் தாடைக் கம்பியை எடுத்துவிட்டார்கள், இட்லியைப் பிசைந்து வைத்தால் தின்கிறது என்று ரஹ்மத் சொல்கிறாள். ரஹ்மத்தான் தினமும் கொண்டுபோய் வைக்கிறாள், கையைக் கழுவிக்கொண்டு வருகிறாள். என்னை அவள் கூப்பிடுவதில்லை.

காலை ஆறு மணிக்கு நான் பின்சந்தில் நடக்கிறேன். ஹானின் வண்டியைத் தாண்டும்போது காலை மெதுவாக எடுத்து வைக்கிறேன். போங் அடியில் மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உடம்பு நடுங்குவது தெரிகிறது. குரைப்பதில்லை. ஹான் அடுப்பிலிருந்து நிமிராமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறாள்: "லின், எழுந்திரு. நேரமாச்சு."